வாசித்துக் காட்டிய பக்கம்

வெள்ளைக்காரச் சாமியார் புதிதாகத் தொடங்கிய மாதப் பத்திரிகைக்குச் சந்தா சேர்க்க வீடு வீடாகப் போன உபதேசியார் சந்தியாகு, இன்னாசியம்மாளின் வாசலில் நின்று ஒரு பக்கத்தை உரக்க வாசித்துக் காட்டினார். சாகக் கிடக்கும் குழந்தைக்கு, சாமியார் வரும்வரை காத்திராமல், வீட்டில் இருப்பவர் யாராயினும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அதில் அச்சாகியிருந்தது.

மீன் கழுவிக்கொண்டிருந்த இன்னாசியம்மாள் எழுந்து வந்தாள். போன மாசியில் அவள் மகள் பிறந்த அன்றே மடியில் இறந்தபோது சாமியார் ஊரில் இல்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்று, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே எருக்கஞ்செடிகளுக்கு நடுவில் புதைக்கச் சொன்னவர், சாமியார் இல்லாதபோது கோயில் காரியங்களைப் பார்க்கும் இதே உபதேசியார்தான்.

"அப்ப நானே தண்ணி ஊத்தியிருக்கலாமா, உபதேசியாரே?"

"ஊத்தியிருக்கலாம், தாயி. இதெல்லாம் சனங்களுக்குத் தெரியணும்னுதான் பத்திரிகையே..."

"ஒமக்கு அன்னைக்கே தெரியுமா?"

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"வீட்ல குடம் நெறயத் தண்ணி இருந்துச்சே, வே!"

செதில் ஒட்டிய கையாலேயே பத்திரிகையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துத் தெருவில் இறங்கினாள்.

"எங்க போற?"

"எம்புள்ளைய உள்ள கொண்டுவந்து வைக்கப் போறேன். போயி சாமியாரக் கூப்பிடும். இந்தத் தடவையாவது வந்து சேருதாரான்னு பாப்போம்."