மாமியார் சொன்ன சுகப்பிரசவம்

"சுகப்பிரசவம்தான்" என்று மாமியார் சொன்னதும், கட்டிலில் கிடந்தவளுக்கு வயிற்றுத் தையலெல்லாம் ஒன்றுசேர்ந்து சுருக்கென்றது.

பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொல்லியாயிற்று. கணவனின் பெரியம்மாவிடம் சொல்லியாயிற்று. இப்போது படுக்கை விரிப்பு மாற்ற வந்த ஆயாவிடமும். ஆபரேஷன் ஆனவர்களை மட்டும் போடுகிற வார்டு இது என்று அந்த ஆயாவுக்குத் தெரியாதா என்ன? பாவம், அவள் தலையணை உறையை உதறிவிட்டுப் போனாள்.

கட்டிலில் கிடந்தவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அங்கே அவளுக்குப் பெயரே 'சிவப்பு மை'தான். ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தாலும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவளின் காது கேட்க, ஒரு முழு வார்த்தையையே தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார் மாமியார்.

சுகமாம். எங்கே இருந்தது சுகம்? ஒரு பகலும் ஓர் இரவும் வலியில் துடிக்கவைத்து, கடைசியில் வயிற்றைக் கிழித்து எடுத்திருக்கிறார்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டியிருக்கிறது. தும்மல் வந்தால் உயிர் போய்த் திரும்பி வருகிறது.

இத்தனைக்கும் கத்தி வைக்கச் சொல்லி அவசரப்படுத்தியதே இந்த மாமியார்தான். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமா, இல்லை ஆபரேஷனே பண்ணிவிடலாமா என்று டாக்டர் கேட்டபோது, கணவன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். பொறுத்துப் பார்க்கிறேன் என்று சொல்ல இவள் வாயெடுப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"எதுக்குப் பார்க்கணும்? இப்பவே பண்ணிடுங்க."

வலியில் இவளும் தலையாட்டிவிட்டாள். அறுக்கச் சொன்ன அதே வாய், இப்போது அறுத்ததைச் சொல்லக் கூசுகிறது. சொன்னால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் போல.

சரி, பேத்தியையாவது ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறாரா என்றால் அதுவும் இல்லை. குழந்தை வீறிட்டு அழுதால் ஓடிவந்து தூக்க மாட்டார். தொட்டில் பக்கத்தில் நின்று, ரேடியோவில் பாட்டுக் கேட்கிற மாதிரி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் கையை நீட்டுவார். இப்படியும் ஒரு பெண்மணியா என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வார்த்தை வார்த்தையோடு நின்றிருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். சுகப்பிரசவம் என்று நம்பிய பெரியம்மா, குழந்தையைத் தூக்கி நேராக இவள் வயிற்றின் மேலேயே வைத்தார். கண்ணில் பொறி பறந்தது. "நாங்கல்லாம் மறுநாளே குனிஞ்சு நிமிர்ந்து வேலை பார்த்தோம்" என்று போகிற போக்கில் ஒரு குத்தல் வேறு.

மத்தியானம் ஆரஞ்சுப் பழத்தோடு அச்சக மேனேஜர் வந்தார். அவரிடமும் மாமியார் அதே பாட்டைப் பாட, அவர் முகம் மலர்ந்துபோனது.

"அப்ப சீக்கிரமாவே வேலைக்கு வந்துடலாம்மா. பாடப்புத்தக புரூஃப் மலை மாதிரி கிடக்கு."

அவ்வளவுதான், பொங்கிவிட்டாள்.

"சுகப்பிரசவம் இல்ல சார். ஆபரேஷன். வயித்தக் கிழிச்சு எடுத்திருக்காங்க. தப்பாக் கேட்டுட்டீங்க, திருத்திக்கங்க."

மேனேஜர் பழத்தை மேஜையில் வைத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நழுவினார். அவர் தலை மறைந்ததும் இவள் மாமியார் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு அவ்வளவு வெட்கமா இருக்கா அத்தை? நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதை இல்லாததாக்க நீங்க யாரு?"

மாமியார் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"எனக்கென்னம்மா வெட்கம்? நீயும் இருக்கே, அதுவும் இருக்கு. இதுக்கு வேற என்ன பேர் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"கத்தி படாம, தையல் போடாம, தானாப் பொறந்தா அதுக்குப் பேருதான் சுகப்பிரசவம். உங்க பையன் பொறந்தாரே, அந்த மாதிரி."

தொட்டிலில் குழந்தை வீறிட்டது. மாமியார் வழக்கம்போல் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். தட்டிச் சமாதானம் செய்யவில்லை. அழட்டும் என்று விட்டிருந்தார்.

"அவனுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு பொறந்துச்சு. அவனுக்கே தெரியாது. அப்பவும் டாக்டர் இதையேதான் கேட்டாரு. ஆபரேஷன்லாம் எதுக்கு, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. நானும் பொறுத்தேன்."

இவள் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"நீ சொன்ன மாதிரியேதான். கத்தி படல, தையல் போடல, தானாத்தான் பொறந்துச்சு. எல்லாரும் சுகப்பிரசவம்னுதான் சொன்னாங்க."

குழந்தையின் அழுகை வார்டு முழுக்கக் கேட்டது. மாமியார் அதன் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டார்.

"அது அழவே இல்லம்மா."