பின்கதவு

போதகர் செருப்பைக் கையில் பிடித்தபடி சமையலறைக் கதவு வழியாக வருகிறார். "என்னங்க, நம்ம வீட்டுக்குள்ளயே திருட்டுப்பூனை மாதிரி?" என்கிறாள் மனைவி. முன்வாசலில் மகள் ஒற்றைக்காலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பாவின் தலை தெரிந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வது அவள் வழக்கம். மாலை வெயில் அவளுடைய அவிழ்ந்த பின்னலில் விழுகிறது. போதகரின் பையில் நாளைய பிரசங்கத்துக்கான வேதப்பகுதி இருக்கிறது: போரில் வென்றால், வீடு திரும்பும்போது முதலில் எதிரே வருவதைப் பலியிடுவதாக நேர்ந்துகொண்ட எபிரேயத் தகப்பனின் கதை. ஆடிப்பாடி எதிரே வந்தவள் அவனுடைய ஒரே மகள்; சொன்ன சொல் மாறாமல் அவளையே பலியிட்டான். "அதுக்கு என்னதான் அர்த்தம் சொல்லப்போறீங்க?" என்று கேட்கிறாள் மனைவி. வாரம் முழுக்க யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. "அப்பா, ஏமாத்திட்டீங்க!" மகள் திரும்பி ஓடிவருகிறாள். செருப்பு நழுவி விழுகிறது. அவள் தலையில் முகம் புதைத்தபடி மனைவியிடம் சொல்கிறார்: "அந்த அப்பன் பேச்சு மாறியிருக்கணும்னு சொல்லப்போறேன்."