ஓரம் வெட்டிய கார்டு

“இதுவும் வெட்டுன கார்டுதாம்மா. உன் தம்பிய எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான்” என்றார் கன்னியப்பன், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பூங்குழலி, கிரிக்கெட் வீரர் படம் போட்ட அந்தப் பழைய கார்டை எட்டிப் பார்த்தாள். “அப்படியாண்ணே?” என்றாள். முகத்தில் வருத்தமே இல்லை.

“மழுங்கிப்போன ஓரத்த வெட்டிட்டா பாக்க புதுசாட்டம் இருக்கும். ஸ்கேல வச்சா அரை மில்லி குறையுது. அட்டையெல்லாம் பழுப்பு, ஓரம் மட்டும் நேத்து வெட்டுனாப்ல வெள்ளவெளேர்னு இருக்குது பாரு. சேக்கறவன் எவனும் இத தொடமாட்டான்.”

கன்னியப்பன் திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடமாக இந்தக் கார்டுகளைச் சேர்ப்பவர். மனைவி குஞ்சம்மாள் போன பிறகு, யார் குழம்பு கொண்டுவந்தாலும் “வேணாம், வேலை இருக்குது” என்று வாசலோடு அனுப்பிவிடுவார். ஒரு கார்டைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றால் மட்டும் கதவு திறக்கும்.

ஆறு வாரமாக, வாரம் ஒரு கார்டு. பார்த்து முடித்ததும் அவர் டீ போடுவார். அதற்குள் அவள் குஞ்சம்மாள் படத்து விளக்குக்கு எண்ணெய் விட்டு, இட்லிப் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிடுவாள்.

அன்று அமாவாசை. தெருவே மேல்மலையனூர் பஸ் ஏறிவிட்டது. ஜன்னலில் கோட்டை மலை மட்டும் நின்றது.

“நீ கோயிலுக்குப் போவலியா?”

“அடுத்த பஸ்ல போய்க்கறேண்ணே.” டம்ளரைக் கீழே வைத்தவள் தயங்கினாள். “தம்பி விட்டுட்டுப் போன டப்பா காலியாயிடுச்சு. இதான் கடைசி கார்டு.”

“இன்னா, அவ்ளோதானா?”

“அவ்ளோதாண்ணே.”

அவர் லென்ஸைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு டம்ளர்கள் இரண்டையும் கழுவி, ஒன்றை மட்டும் அலமாரியின் உள்ளே தள்ளி வைத்தார்.

செருப்பை மாட்டப் போனவளை, “இரும்மா” என்று நிறுத்தினார். பீரோவிலிருந்து ஆல்பத்தை எடுத்து, முதல் பக்கத்து உறையிலிருந்து ஒரு கார்டை உருவினார். விலை பேச வந்த சென்னைக்காரரைக்கூட அவர் தொட விடாத கார்டு அது. நான்கு ஓரமும் அச்சடித்த அன்று இருந்தபடியே இருந்தன.

அதை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“அடுத்த வாரம் இதயும் உன் கத்திரியால வெட்டி எடுத்துக்கினு வாம்மா.”