பல் கவசம்

"அவன் இல்லாம ஒரு மாசம் இருந்துடுவியாம்மா?" என்று மாமியார் கேட்டாள்.

"இருந்துடுவேன் அத்தை" என்றாள் மருமகள். வெளிநாடு போகும் தேசிய ரக்பி அணிக்குப் புதுமுகங்களை அன்றுதான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

"இடிச்சுத் தள்ளுற ஆட்டம். பல்லு போச்சுன்னா? போகவே வேணாம்."

"அதுக்குத்தான் பல்லுக்கு ரப்பர் கவசம் இருக்கே அத்தை. யாரோட பல்செட்டோன்னு அதைத் தூக்கிக் குப்பையில போட்டீங்களே!"

கைப்பேசி மணியடித்தது. மகன் பாய்ந்து எடுத்தான்.

"செலக்ட் ஆயாச்சும்மா!" என்று கத்தினான். மனைவியைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போயிற்று. "நீ பாட்டுக்கு ஆடப் போயிடுவ. ஒரு மாசம் நான் எப்படி இருப்பேன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

மாமியார் உள்ளே போய்க் குப்பைக்கூடையிலிருந்து அந்தக் கவசத்தை எடுத்து, தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தாள். மருமகளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள்.