யாரும் உட்காரவில்லை

"பார்த்து, பார்த்து! இன்னும் ஒரு படி இருக்கு!"

கை வைத்த உயரமான நாற்காலி ஒன்றை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார் அவர். வேட்டிக்குக் கீழே ஒரு கால் செயற்கைக் கால்.

கதவைப் பிடித்தபடி வழி சொல்லிக்கொண்டிருந்தார் செயற்கைக் கால் மையத்தின் நிர்வாகி. எல்லோருக்கும் அவர் 'அக்கா'.

மையத்துக்குப் பணம் தரும் டிரஸ்டின் ஆய்வாளர் எதிர்ப்புறம் காரை விட்டு இறங்கினாள்; அவளுக்குச் சுருக்கென்றது.

கால் போனவரையா சுமக்க விடுவது? அதுவும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு?

தொண்டு நிறுவனங்கள் பணத்தை எதில் செலவழிக்கின்றன என்று ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள் அவள். எங்கே போனாலும் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விடுவாள். அப்போதுதான் உண்மை கண்ணில் படும்.

நாற்காலி பக்கத்து டெய்லர் கடைக்குள் போனது. பின்னாலேயே இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று.

கடைசி நாற்காலியும் போகும்வரை காத்திருந்துவிட்டு உள்ளே நுழைந்தாள்.

கூடத்தில் தாழ்வான பிளாஸ்டிக் முக்காலிகள். ஒன்றிலும் ஆள் இல்லை. கால் பயிற்சிக்கு வந்த ஏழெட்டுப் பேரும் சுவரில் பதித்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எல்லாரையும் உட்காரச் சொல்லுங்க."

"பரவாயில்லை மேடம். உங்க மேல ஒரு மரியாதை."

"கால் இல்லாதவங்களை நிக்க வச்சுத்தான் மரியாதை காட்டணுமா? எனக்கு இதெல்லாம் சுத்தமா பிடிக்காது."

அக்கா அசடு வழிந்தார். "டீ சொல்லட்டுமா மேடம்?"

"வேண்டாம். போன வருஷம் இங்கே நல்ல நாற்காலிங்க இருந்துச்சே, எங்கே?"

"அதெல்லாம் எடுத்துட்டோம் மேடம். சிக்கனமா இருக்கலாம்னு..."

"எடுத்துட்டீங்களா, ஒளிச்சு வச்சிருக்கீங்களா? டெய்லர் கடைக்குள்ள போனதை இப்பதான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

அக்காவின் முகம் செத்துவிட்டது.

ஆய்வாளர் 'சரி' என்றால்தான் டிரஸ்ட் இந்த வருஷமும் பணம் தரும். இல்லையென்றால் பின்கட்டில் கால் செய்கிற பட்டறைக்குப் பூட்டுதான்.

"பணம் கொடுக்கிறவங்ககிட்ட பொய் வேஷமா? மன்னிச்சிருங்க, இதை நான் மேல சொல்லாம இருக்க முடியாது."

"அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க மேடம்."

நாற்காலி தூக்கியவர்தான். லாரி ஓட்டியவர். கால் போன பிறகும் அவர் பெயர் 'டிரைவர்'தான்.

"வேண்டாம் வேண்டாம்னுதான் அக்கா சொன்னாங்க. நாங்கதான் கேக்கலை. நம்ம ஸ்டெப்னிக் காலு எவ்வளவு லோடு தாங்குதுன்னு நானும் பார்க்க வேணாமா?"

யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

"ஏன் ஒளிக்கணும்? அதைச் சொல்லுங்க."

அக்கா 'வேண்டாம்' என்று கண்ணைக் காட்டினார். டிரைவர் பார்க்காதவர்போல் இருந்துவிட்டார்.

"போன வருஷம் வெயில்ல வந்தீங்க மேடம். அந்த நாற்காலியில நல்லா சாய்ஞ்சு உட்கார்ந்தீங்க. 'அடேயப்பா, எங்க ஆபீஸ்லகூட இந்தச் சொகுசு கிடையாது'ன்னு சிரிச்சீங்க. நாங்களும் சேர்ந்துதான் சிரிச்சோம். அப்புறம் பார்த்தா, பாதிப் பணந்தான் வந்துச்சு."

அவளுக்கு ஞாபகம் வந்தது.

அவர்களுக்குத் தெரியாததும் ஞாபகம் வந்தது. டிரஸ்ட் கூட்டத்தில் அவள்தான் சொன்னாள்: "அங்கே இருக்கிற நாற்காலியைப் பார்த்தா, அவங்கதான் நமக்குக் கடன் கொடுப்பாங்க போலிருக்கு." விளையாட்டாகத்தான் சொன்னாள். மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்று அது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

காது மடல் சுட்டது.

"தப்பு என் மேலதான்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "முதல்ல எல்லாரும் உட்காருங்க. ப்ளீஸ். எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

பக்கத்திலிருந்த முக்காலியை டிரைவரிடம் தள்ளினாள்.

அவர் அதை மெல்ல அவள் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"இவ்வளவு தாழ்வா உட்கார்ந்தா எங்களால எழுந்திரிக்க முடியாது மேடம். உயரமா, ஊன்றிக்கக் கை வச்சு இருந்தாத்தான் முடியும், அதுக்குத்தான் அந்த நாற்காலி. நீங்க உட்காருங்க. நீங்க கிளம்புற வரைக்கும் நாங்க நின்னுக்கறோம்."