காசி வாய் திறக்கவில்லை

செத்துப்போன பெருமாள் அன்றும் கூப்பிட்டான். ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து, "காசீ... டேய் காசீ..." என்று.

காசி தலையைத் தூக்கவில்லை. கொன்றைக் கிளையைக் கட்டையால் இன்னும் ஓங்கித் தட்டிப் பட்டையை உரித்தான்.

தோல் பதனிடுகிறவர்களுக்கு ஆலங்காயத்து மலையில் பட்டை உரித்துக் கொடுக்கிற ஜோடி அவர்கள். இந்த வருஷம் குடிசை போட முன்னால் போன பெருமாள் திரும்பவில்லை. தேடப் போனவர்களுக்குக் கரடி கிழித்த அவன் தோள்துண்டுதான் கிடைத்தது. அதற்குமேல் தேட எவனுக்கும் துணிச்சல் இல்லை. துண்டையே பிணமாக வைத்துக் கொளுத்திவிட்டுத் தலைமுழுகினார்கள்.

உடம்பு எரியாத சாவு அலையும், கூட்டாளியைத்தான் பேர் சொல்லிக் கூப்பிடும், பதில் கொடுத்தால் தொற்றிக்கொள்ளும் என்று ஊரே காசிக்குச் சொல்லி அனுப்பியது. துணைக்கு மட்டும் ஒருவனும் வரவில்லை. ஊர் என்றால் அப்படித்தான்.

வண்டி வரும்வரை புத்தி கலங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் காசிக்கு. காட்டில் தனியாள் கெடுவது கை சும்மா இருக்கும்போதுதான். அதனால் விடிந்ததும் உரித்தான், வெயிலில் காய வைத்தான், பொழுது சாய்வதற்குள் கட்டுக் கட்டினான். பேச்சுத் துணைக்குக் கஞ்சிப் பானை. ஒருநாள் கஞ்சி அடிபிடித்ததற்குப் பானையை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான்.

குரல்தான் விடவில்லை. பட்டை தட்டும் சத்தம் கேட்டால் கூப்பிடும். சத்தம் நின்றால் அதுவும் நின்றுவிடும். போகப்போக அது கம்மிப்போய்க் கீச்சென்று ஆனது. தன்னிடம் பலிக்காததால் பேய்க்கே சலித்துவிட்டது என்று நினைத்தான் காசி.

பிறகு ஒரு காலையில் குரலே இல்லை. எவ்வளவு தட்டியும் இல்லை. மலைக்கு வந்ததிலிருந்து அன்றுதான் வயிறாரக் கஞ்சி குடித்தான். பாட்டுக்கூட வந்தது. மத்தியானம் வண்டியும் வந்துவிட்டது.

ஆலங்காயத்தில் பட்டை மண்டி வைத்திருந்த ஷபீ அஹமது வண்டிப் பாரத்தைப் பார்க்கவில்லை. காசியின் முகத்தையே பார்த்தார். தனியாக இருந்தாயே, தொல்லை ஒன்றும் இல்லையா என்று மெதுவாகக் கேட்டார்.

"தொல்லை இன்னா பாய். பெருமாள்தான் தெனம் கூப்ட்டுனே இருந்தான்."

"நீ?"

"நான் வாயே தொறக்கலையே. பேஜாராயி அவனே போய்ட்டான்." காசி சிரித்தான்.

பாய் சிரிக்கவில்லை. மண்டியின் பின்கட்டுக் கதவைக் கை காட்டினார்.

"கடுக்கா கொண்டாந்த மலைக்காரங்க இன்னிக்கி விடியல்ல அவன ஓடைப் பள்ளத்துலேந்து தூக்கியாந்தாங்க. காலு ரெண்டும் ஒடஞ்சிருக்குது, பள்ளத்துத் தண்ணியக் குடிச்சே கெடந்திருக்கான், உசுரு இருக்குது. போ, இப்பவாச்சும் ஏன்னு கேளு."