டோக்கன் இல்லாத கோட்

கடுகு நிறக் கோட் இன்னும் வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே வரிசை வாசல் வரை நிற்கிறது. பாட்டுக் கேட்க வருகிறவர்கள் குளிர் கோட்டைக் கழற்றி நீட்டுகிறார்கள். வாங்கிக் கொக்கியில் மாட்டி டோக்கன் கொடுக்கிறேன், திரும்பும்போது அதைக் காட்டி வாங்கிக்கொள்வார்கள். நியூ ஜெர்சி மாநிலம், நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு பாட்டுக் கூடம். 2006 ஜனவரி, ஞாயிறு மத்தியானக் கச்சேரி. மூன்று வருடமாக இதுதான் வேலை. முழங்கால் விட்டுப்போயிற்று.

"இந்த வயசுல ஊரான் கோட்டை வாங்கி மாட்டணுமாப்பா? வீட்ல ஹாயா டிவி பாருங்களேன்."

என் மகன் கதிர், காலையில் ரயிலடியில் இறக்கிவிடும்போது சொன்னது. சம்பளத்துக்காகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைக்கட்டும்.

பாட்டுக்காரர்கள் புது சிடிகளைக் கட்டுக்கட்டாக என் ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போவார்கள். இனாமாகக் கொடுக்கிற எதையும் நான் நம்புவதில்லை. ஆனாலும் எடுத்துப்போய் ரயிலில் கேட்பேன். ஒன்றில் நாலு பேர் பல் பிடுங்குகிற மாதிரி கத்துகிறார்கள். இன்னொன்றில் ஒருவன் தூங்கிக்கொண்டே பாடுகிறான், எழுப்பத்தான் ஆள் இல்லை. பெரும்பாலும் குப்பை.

நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் என்ன? ஒருத்தன் அழுகிறானா, அழுகிற மாதிரி நடிக்கிறானா என்று தெரிய ஆங்கிலம் எதற்கு?

கேட்டு முடித்ததும் ஒன்றுதான் யோசிப்பேன். இதற்கு அந்தக் கோட் வருமா, வராதா?

வரும் என்று பட்டால் அந்த நாளுக்கு வேலை கேட்டு வாங்கிக்கொள்வேன். பல நாள் ஏமாந்திருக்கிறேன்.

இன்றைக்குப் பாடுகிற பெண்ணின் சிடியை நாலு தடவை கேட்டேன். முதல் பாட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். இரண்டாவதில் கதவைத் திறந்துவைத்து அதே அழுகை. மூன்றாவது நினைவில்லை. நாலாவதில் பாட்டை நிறுத்திவிட்டுக் கிட்டாரை மட்டும் ஒரு நிமிடம் மெல்ல உரசுகிறாள். அந்த ஒரு நிமிடம் பொய் இல்லை.

வரும் என்று முடிவு செய்தேன்.

மானேஜர் பெண்ணுக்குப் பாதி விஷயம் தெரியும். மஞ்சள் கோட்டுக்காரியைக் கண்டால் கிழவன் வழிகிறான் என்று மற்றவர்களிடம் கண்ணடிப்பாள். உன் வயசுக்கு அவள் ரொம்பச் சின்னவள் என்று என்னிடமே சொன்னாள். ஆமாம் என்று சிரித்துவைத்தேன்.

அந்தக் கோட்டுக்காரி இதுவரை ஐந்து முறை வந்திருக்கிறாள். ஐந்து முறையும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கோட்டை வைத்தாள், டோக்கனை எடுத்தாள், போனாள்.

இன்றைக்கு ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டும். சாப்பிட்டியா என்று கேட்டால் போதும். ரயிலில் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

வந்தது.

கடுகு நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் கறுப்பு நூலில் தைத்தது. கோட்டைப் பலகையில் வைத்தாள். சாப்பிட்டியா என்று கேட்க வாயைத் திறந்தேன். டோக்கனைத்தான் நீட்டினேன்.

எடுக்கவில்லை.

"டோக்கன் வேணாம். எதுன்னு உங்களுக்குத் தெரியும்ல."

சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கச்சேரி ஆரம்பித்தது. நான் நிற்கும் இடத்துக்குப் பாட்டு வராது. சுவர் வழியாக அதிர்வு மட்டும் வரும், கம்பி ஹேங்கர்கள் ஒன்றையொன்று இடித்துக் கிலுகிலுக்கும். நாலாவது பாட்டில் எல்லாம் அடங்கிப்போயின. சிடியில் ஒரு நிமிடம். இங்கே மூன்று நிமிடம் ஒரு கம்பிகூட அசையவில்லை. கோட்டின் தோளில் கை வைத்தபடி நின்றேன். பரவாயில்லை, அந்தப் பெண் பாடத் தெரிந்தவள்தான்.

ஐந்து மணிக்குக் கூட்டம் கலைந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் போனது. கடுகு நிறம் மட்டும் கொக்கியில் தொங்கியது.

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் யாரும் இல்லை.

மறந்துவிட்டாளாம். ஜனவரி மாதம், நியூ ஜெர்சியில், கோட்டை. அதை நம்ப நான் ஆள் இல்லை.

பாக்கெட்டில் கை விடக் கூடாது என்பது இந்த வேலையில் முதல் விதி. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட விட்டதில்லை.

விட்டேன்.

ஒரு கடித உறை. உள்ளே ஒன்றும் இல்லை. மேலே பெயரும் முகவரியும். விளக்கடியில் பிடித்து எழுத்துக் கூட்டினேன். ஊர் மெட்டச்சன். இங்கிருந்து இரண்டாவது ஸ்டேஷன். பெயரில் முதல் சொல் கயல்.

இரண்டாவது சொல்லை எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. என் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜில் இருப்பதும் அதே சொல்தான்.

கந்தசாமி.

நான்கு வருடத்துக்கு முன்னால், தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்ற மகளிடம், இனிமேல் என் கண்ணுல படாதே என்று சொன்னவன் நான்தான். அவள் விட்டுப்போன பெட்டியில் நாற்பது சிடியும் இந்தக் கூடத்து டிக்கெட் துண்டுகளும் கிடந்தன. அவ்வளவையும் கேட்டுத்தான் அவளுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

கல்யாணமானதும் அப்பன் பெயரை எடுத்துவிட்டுப் புருஷன் பெயரைப் போட்டுக்கொள்வதுதான் இங்கே எல்லாரும் செய்வது. அவளும் செய்திருப்பாள் என்றிருந்தேன்.

ஸ்டேஷனில் நிற்கும்போது கதிர் போன் செய்தான்.

"எந்த ட்ரெயின்பா? பிக்கப் பண்ண வரவா?"

நேரமாகும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகிற ரயில் எதிர்ப் பிளாட்பாரத்தில் வந்து நின்றது, போனது. மெட்டச்சன் போகிற இந்தப் பக்க ரயிலுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவள் கோட்டில் பனி விழாமல் என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, சாப்பிட்டியா, சாப்பிட்டியா என்று சொல்லிப் பார்த்தபடி நின்றேன்.